பள்ளி வேளாண் பிரிவு ஆதரவாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, வேளாண் ஆசிரியர் அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணை 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்கள் குறுவை நெல் சாகுபடியை இழந்து நின்ற நேரத்தில் நன்கொடை கேட்டுப் போனால் என்ன கிடைக்கும்? "அறுப்பு முடியட்டும், பார்ப்போம்" என்ற பதில்தான். ரசீதுப் புத்தகம் பாதிகூடத் தீரவில்லை. ஆனாலும் பள்ளித் தோட்டம் தரிசாகக் கிடக்கவில்லை.

காசு கேட்டால் தயங்கியவர்கள், கைவேலை கேட்டதும் வந்துவிட்டார்கள். டிராக்டர்காரர் இரண்டு சால் ஓட்டிவிட்டு டீசல் காசுகூட வாங்கவில்லை. மகளிர் குழுவினர் கத்திரி, மிளகாய் நாற்றைக் குழித்தட்டோடு கொண்டுவந்தனர். மேலத்தெருப் பெரியவர் ஒருவர் மாணவர்களுக்கு விதை தேர்வு செய்து காட்டினார். கோழிமுட்டை மிதக்கும்வரை வாளியில் உப்பைக் கரைத்து, அதில் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் விதையைக் கொட்டி, மேலே வந்த பதரை அள்ளிப் போட்டுவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் அலசி எடுத்தார். அவருடைய பேரன் படிப்பது டவுனில் மெட்ரிக் பள்ளியில். பிறகு எதற்கு இங்கே வருகிறீர்கள் என்று கேட்டேன். "வீட்ல கேக்க ஆளில்ல தம்பி. இதுங்க நோட்டுல எழுதிக்குதுங்க" என்றார். ஆதரவாளர்களில் பலர் இவரைப் போலத்தான். இப்பள்ளியில் அவர்களுக்குப் பிள்ளை கிடையாது.

பெற்றோரின் கணக்கு வேறு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேளாண் பட்டப்படிப்பிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருப்பதை விளக்கிய பிறகே அவர்கள் கூட்டத்துக்கு வரத் தொடங்கினர். அதில் தவறொன்றும் இல்லை.

திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிக் காத்த நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து, மறுவருடம் 4 கிலோவாகத் திரும்பப் பெற்ற வழக்கத்தை நாமும் தொடங்கியுள்ளோம். விதை வாங்கியவர் பள்ளிக்குத் திரும்ப வந்தே ஆக வேண்டும் என்பது இதில் கூடுதல் லாபம்.

சொட்டுநீர்க் குழாய் தர முன்வந்த ஒரு கடைக்காரர், தோட்ட வாசலில் கடையின் பெயர்ப்பலகை கேட்டார். செயற்குழுவில் காரசாரமான விவாதம். கோயில் டியூப்லைட்டிலேயே உபயம் எழுதுகிற ஊரில் இதற்கென்ன என்பது என் கட்சி. பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர்; குழாயும் வரவில்லை.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலி அவசியம். மே மாத விடுமுறையில் தண்ணீர் பாய்ச்ச முறை வைக்கிறோம். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கைக்குப் பேரவை ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்