தாப்பா ரோட்டுல நான் விழுந்த கதை

மச்சான்,

நாலு மாசமா உன் மெசேஜுக்கு பதில் போடல, திட்டுறதுனா திட்டிக்க. இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி, மழைக்காலம்ல, கொஞ்சம் கூடுதல். நம்ம ஊரு பீடோர் அப்படியேதான் இருக்கு.

விஷயம் என்னன்னா, சைக்கிள்ல கேமரன் மலை ஏறிட்டேன்டா. சிரிக்காத. தாப்பாலேர்ந்து தானா ராத்தா வரைக்கும் பழைய ரோடு, 60 கிலோமீட்டர் போல. வழக்கமா மத்தியானத்துக்கு மேல வர்ற மழை அன்னிக்கி பத்து மணிக்கே லாத்தா இஸ்கண்டார் அருவிகிட்ட பிடிச்சுக்கிச்சு, ஆமா, நம்ம சங்கிலி அறுந்து, கட்டையன் அழுதானே, அதே இடம். நின்னா ஏறமாட்டேன்னு தெரியும், அதனால மிதிச்சுக்கிட்டே போய்ட்டேன். ரிங்லெட் ஏரி அசல் தே தாரே, பால் டீ கலர்ல கிடக்கு. 1963ல கட்டுன அணை, மேல காய்கறி தோட்டத்துக்கு மலைய வெட்ட வெட்ட மண்ணு பூரா அதுக்குள்ளதான் வந்து விழுது, அள்ளி மாளல. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு, சரி அத விடு. மேல 1,400 மீட்டருக்கு மேல, குளிர்ல பல்லு தாளம் போடுது, கோப்பி கப்ப ரெண்டு கையால பிடிச்சும் சிந்துது.

ஏறுனது பெருசில்ல மச்சான், இறங்குனதுதான்.

ஈர ரிம்முல பிரேக் எப்படின்னா, மொத ரெண்டு மூணு சுத்துக்கு ஒண்ணுமே பிடிக்காது, தண்ணிய வழிச்சதும் கப்புன்னு பிடிக்கும். வளைவுக்கு முன்னாடியே லேசா அமுக்கி வச்சுக்கணும். நான் வளைவுல போய் அமுக்குறேன், எதுக்க காய்கறி லோரி வருது. அப்ப அப்பா ஞாபகம் வந்துச்சு. ரப்பர் மரம் வெட்டி முடிச்சு மழை பிடிச்சா, ரப்பர் பால் கெட்டுடும்னு வாளிய மாட்டிக்கிட்டு செம்மண் சரிவுல கால தேய்ச்சுக்கிட்டே இறங்குவாரே, ஒரு சொட்டு சிந்தாது. நானும் கால வச்சேன். பசார் மாலாம் ராச்சந்தை சப்பாத்து, அடிப்பாகம் அப்படியே பிஞ்சு ரோட்டோட போச்சு, அந்த நேரம் பாத்து பிரேக்கும் பிடிச்சிருச்சு, நான் ரோட்டோரக் கால்வாய், லோங்காங்குல.

லோரிக்காரன் ஹார்ன் அடிச்சிட்டு போய்ட்டான். பெத்தாய் காய் விக்கிற ஒராங் அஸ்லி, பூர்வகுடிப் பெரியவர்தான் தூக்கி விட்டாரு. காலுல ஒட்டியிருந்த அட்டைய பிச்சுப் போட்டுட்டு, "பெலான்-பெலான் லா", மெதுவா மெதுவான்னு மட்டும் சொன்னாரு. கொஞ்ச நேரம் அவர் கூரைக்குக் கீழ உக்காந்திருந்தேன்டா, கை நடுக்கம் நிக்கவே இல்ல. அது குளிரு இல்ல. பள்ளம் அந்தப் பக்கம் இருந்திருந்தா இந்தக் கடிதம் இல்ல.

தீபாவளிக்கு வர்றப்ப நல்ல பிரேக் கட்டையா ரெண்டு ஜோடி வாங்கிட்டு வா, காசு இங்க தர்றேன். அப்புறம் முக்கியமான விஷயம், வீட்டுல நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னுதான் சொல்லியிருக்கேன். வீட்டுல கேட்டா மாத்தி கீத்தி உளறிடாத.