அக்காவுக்கு, வாஷிங்டனிலிருந்து

அன்புள்ள அக்கா,

பார்த்துக்கொள்ளப் பங்குக் கோயில் இல்லாத சாமியாருக்கு அமெரிக்காவில் என்ன வேலை என்று போனில் கேட்டாய். நான் பாதி சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மீதி இதோ.

இங்கே பல மறைமாவட்டங்களில் குருக்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை சபாட்டிகல் என்று விடுப்பு தருகிறார்கள். படிக்கலாம், தியானம் செய்யலாம், ஊர் சுற்றலாம். நான் மூன்றாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தங்குவது பெரும்பாலும் கோயில்களை ஒட்டிய சாமியார் வீடுகளில்தான், அதனால் செலவு பெட்ரோலோடு சரி. கடைசி பெஞ்சில் அங்கி இல்லாமல் உட்கார்ந்து மற்றவர் பிரசங்கத்தைக் கேட்கிறேன். நம் ஜனங்களுக்கு எவ்வளவு பொறுமை என்று இப்போதுதான் தெரிகிறது!

முதலில் மில்வாக்கி. இயேசு சபையார் (ஜெசூட் துறவிகள்) நடத்தும் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தில், பிரான்சில் இருந்த பழைய சிற்றாலயம் ஒன்றைக் கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். புனித ஜோன் ஆஃப் ஆர்க் முத்தமிட்ட கல் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பக்கத்துக் கற்களைவிட அது எப்போதும் சில்லென்று இருக்குமாம். தொட்டுப் பார்த்தேன், எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் இருந்தது. எனக்கு விசுவாசம் போதாது என்பாய்.

அப்புறம் சிகாகோவின் நெரிசலைத் தாண்டி நோட்டர் டேம் பல்கலைக்கழகம். முதன்மைக் கட்டடத்தின் தங்கக் குவிமாடத்தை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். 1879 ஏப்ரலில் அந்தக் கட்டடம் எரிந்து சாம்பலானதும், அதே செப்டம்பரில் வகுப்பு தொடங்கும்படி மறுபடி எழுப்பிவிட்டார்களாம். லூர்து மாதாவின் குகைக் கெபியைச் சின்னதாக 1896இல் கட்டி வைத்திருக்கிறார்கள். தேர்வு நெருங்கினால் அங்கே மெழுகுவர்த்தி வைக்க இடம் இருக்காதாம். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. மாணவர் விடுதி ஒவ்வொன்றிலும் ஒரு சிற்றாலயம் உண்டு. ஞாயிறு இரவுப் பூசைக்குப் பிள்ளைகள் செருப்பும் அரைக்கால் சட்டையுமாக வந்து தரையில் உட்கார்கிறார்கள். பாட்டு சுமார்தான். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

டெட்ராய்ட் பக்கம் டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம். அதில் 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்கு இடம் கொடுக்க மறுத்த அதே பேருந்து நிற்கிறது. ஏறி உட்காரலாம். உட்கார்ந்தேன். இறங்க மனம் வரவில்லை, பின்னால் ஒரு பள்ளிக்கூட வரிசை காத்திருந்ததால் இறங்கினேன்.

இப்போது வாஷிங்டனில் இருக்கிறேன். அமலோற்பவ மாதா பேராலயம்தான் வட அமெரிக்காவிலேயே பெரிய கத்தோலிக்கக் கோயில். இந்த நாட்டில் குடியேறிய பல சமூகங்கள் தங்கள் மாதாவை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கின்றன. மெக்சிகோக்காரர்களின் குவாடலூப்பே மாதா, வியட்நாம்காரர்களின் லாவாங் மாதா. 1997 முதல் நம் வேளாங்கண்ணி மாதாவும் இருக்கிறாள். உனக்காகவும் அத்தானுக்காகவும் மெழுகுவர்த்தி வைத்தாயிற்று.

மறுநாள் ஜார்ஜ்டவுன் போனேன். 1789இல் தொடங்கிய கல்லூரி, இந்த நாட்டின் முதல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். 1838இல் மேரிலாந்து இயேசு சபையார் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை லூசியானா தோட்ட முதலாளிகளுக்கு 1,15,000 டாலருக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனுக்குப் போயிற்று. குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது, கடனுக்குப் பணத்தை எடுக்கக்கூடாது என்றெல்லாம் ரோமிலிருந்து நிபந்தனை வந்திருந்தது. காற்றில் பறந்தது. விற்கப்பட்டவர்களில் பலர் கத்தோலிக்கர்கள், அக்கா. ஞானஸ்நானம் கொடுத்த சபையே விலையும் பேசியிருக்கிறது.

விற்பனையை முன்னின்று நடத்திய குருவின் பெயர் அங்கே ஒரு கட்டடத்துக்கு வெகுகாலம் இருந்தது. 2015இல் அதை எடுத்துவிட்டு, 2017இல் விற்பனைப் பட்டியலில் முதல் பெயரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு, அந்த 272 பேரின் வம்சத்தாரை அழைத்து, அவர்கள் முன்னிலையில் இயேசு சபையார் மன்னிப்புக் கேட்டார்கள். 179 வருடம் கழித்து! பெயர்ப் பலகை மாற்றினால் போதுமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் எத்தனையோ பேருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட நான், ஒரு சபை தன் பாவத்தைச் சுவரில் எழுதி வைத்ததைப் பார்த்தது அன்றைக்குத்தான். குவிமாடங்களைவிட எனக்கு அது பெரிதாகப் பட்டது. அந்தக் கட்டடத்துக்கு முன்னால் ஜெபமாலை சொல்லிவிட்டு வந்தேன்.

நாளை கென்டக்கிக்குக் கிளம்புகிறேன். எழுத்தாளரான துறவி தாமஸ் மெர்ட்டன் வாழ்ந்த கெத்செமனி மடத்தில் சில நாள் தங்குவதாக ஏற்பாடு. துறவிகள் விடியற்காலை மூன்றேகாலுக்கே முதல் ஜெபத்துக்கு வந்துவிடுவார்கள், நான் எழுவேனா என்பது சந்தேகம்தான். விருந்தினரும் மௌனம் காக்க வேண்டும் என்பதால் அங்கிருந்து போன் வராது, பயப்படாதே. அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று வாட்ஸப்பில் போட்டு வை, வெளியே வந்ததும் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி