மாட்டுப் பொங்கலன்று ஆட்டுக்குச் சோறு வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பாதி கடந்துவிட்டது. உங்கள் பொங்கல் மலருக்கு வேலை நடந்துகொண்டிருக்கும். அதில் நான்கு வரிக்கு இடம் கேட்டு எழுதுகிறேன்.

கண்டியூருக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. செல்லி, வெள்ளச்சி என்று ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டை வெள்ளாடுகளை வளர்த்தோம். செல்லியின் சேட்டை ஊருக்கே தெரியும். கொல்லைக் கதவின் கொண்டியை மூக்கால் நிமிண்டித் திறக்கப் பழகியிருந்தாள். கயிற்றால் கட்டிப் பார்த்தோம். மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, ஆனாலும் மென்று மென்றே முடிச்சை அவிழ்த்துவிட்டாள். பின்னங்காலில் நின்று கொடியில் காயும் வேட்டியை இழுப்பாள். நாட்காட்டியில் ஒருமுறை ஆடி, ஆவணி இரண்டையும் தின்றுவிட்டாள். திண்ணையில் படுத்திருப்பவள் தபால்காரரைக் கண்டால் மட்டும் எழுந்து நிற்பாள். எல்லாம் காகித ஆசைதான். பள்ளி விட்டு வரும் பேரன் முதுகைக் குனிந்து கொடுப்பான், அதில் ஏறி நின்றுதான் முருங்கைக்கீரையை எட்டுவாள். வேலியில் அவள் வாய் படாதது ஆடாதோடை ஒன்றே. 'ஆடு தொடா இலை' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

சென்ற மாட்டுப் பொங்கலன்று பசுவுக்கு வாழையிலையில் பொங்கல் ஊட்டியபோது, பேரன் ஆசையாக ஆடுகளுக்கும் ஊட்டினான். தெருவிலும் வீட்டுக்கு வீடு ஒரு கவளம் கொடுத்தார்கள். போதாததற்கு, நாங்கள் அசந்த நேரத்தில் செல்லி கொண்டியைத் திறந்து உள்ளே போய், தவலையில் இருந்த பச்சரிசியையும் தின்றிருக்கிறாள்.

பொழுது சாயும்போது படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இடப்பக்க வயிறு உப்பிக் கிடந்தது. அசைபோடவில்லை, பல்லை நறநறவென்று கடித்தாள். கண்ணேறு என்று சுற்றிப் போட்டு, ஓமத் தண்ணீர் புகட்டி ஓர் இரவை வீணாக்கினோம். விடிவதற்குள் போய்விட்டாள். குறைவாகத் தின்ற வெள்ளச்சியை, காலையில் வந்த கால்நடை மருத்துவர் சோடா உப்புக் கரைசல் செலுத்திக் காப்பாற்றினார்.

ஆட்டின் முதல் இரைப்பை தழையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் இடமாம். அரிசியும் சோறும் திடீரென்று நிறையப் போனால் அங்கே அமிலம் பெருகி, உடம்பின் நீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுத்து, இரத்தத்திலும் கலந்துவிடும் என்றார் அவர். சம்பா அறுவடைக் காலத்தில் களத்திலும் கொள்முதல் நிலைய வாசலிலும் சிந்திக் கிடக்கும் நெல்லைத் தின்றாலும் இதே நிலைதானாம். இத்தனை ஆண்டுகள் ஆடு வளர்த்தும் எனக்கு இது தெரியாது. தெருவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே சர்க்கரைப் பொங்கல் செய்முறைக்குக் கீழேயே இதைப் போடுங்கள்: ஆட்டுக்குப் பொங்கல், சோறு, அரிசி, நெல் வைக்காதீர்கள். அகத்தியோ கல்யாண முருங்கையோ ஒரு கட்டு ஒடித்துப் போடுங்கள், அதுவே அதற்குப் பண்டிகை. வயிறு உப்பி அசைபோடாமல் படுத்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைத் தேடுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962.

வெள்ளச்சி இப்போது நிறைசினை. தைக் கடைசியில் ஈனுவாள். கொல்லைக் கதவின் கொண்டியை எடுத்துவிட்டுப் பூட்டுப் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்