பாடு முறையும் சான்றுதான்

ஆசிரியருக்கு,

பழங்குடி மரபுச் சட்டமும் நீதிமன்றச் சட்டமும் சேர்ந்து இயங்குமா என்று கேட்ட தலையங்கம் படித்தேன். இயங்கும், நமக்கு அது புதிதும் அல்ல. தெளிவாக நிரூபித்த வழக்கம் சாஸ்திர நூலையும் மிஞ்சும் என்று ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் 1868-லேயே, அன்று நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. கனடா உச்ச நீதிமன்றம் பழங்குடிகளின் வாய்மொழி வரலாற்றைச் சான்றாக ஏற்றது 1997-ல்தான்.

எண்ணூர்க் கழிமுகத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதை எங்கள் குப்பத்தில் பாடு முறைதான் முடிவு செய்கிறது. எழுத்தில் ஒரு வரி கிடையாது, மீறவும் யாரும் துணிவதில்லை. அதற்காக ஊர் விலக்கையும், பெண்களைச் சபையில் சேர்க்காததையும் மரபு என்று ஏற்கச் சொல்லவில்லை. அங்கே அரசியல் சட்டம் குறுக்கே வரத்தான் வேண்டும். மீன்வளத் துறை, மீனவப் பெண்களையும் உட்காரவைத்துப் பாடு விதிகளைப் பதிவு செய்தால், கழிமுக வழக்குகளில் அவற்றைச் சான்றாக வைக்கலாம்.

- ஒரு மீனவ வாசகர், எண்ணூர்