நகர் உலாவுக்குப் பிளாஸ்டிக் கப் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகா சிவராத்திரி முடிந்ததும் கோணேசப் பெருமான் சுவாமி மலைக் கோயிலிலிருந்து இறங்கி நகர் உலா வரும் நாட்களில் திருகோணமலையே ஒரே வீடு மாதிரி ஆகிவிடும். வாசலில் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, எத்தனை மணியானாலும் காத்திருப்போம். வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்த பக்கத்து வளவுக்காரர்கூட அன்றைக்குத் தோரணம் கட்ட ஏணி பிடிப்பார். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் பழைய விக்கிரகங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்த கதையை அம்மம்மாமார் சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளைகள் படியில் உட்கார்ந்து கேட்பதும் அந்த இரவுகளில்தான்.

ஆனால் மறுநாள் காலையில் தெருவைப் பார்க்க வயிறு எரிகிறது. மோரும் கோப்பியும் கொடுத்த பிளாஸ்டிக் கப் எல்லாம் வடிகானுக்குள்ளே. எங்கள் ஊர் மான்கள் கோட்டையில் மட்டுமா நிற்கின்றன, தெருவுக்கும் வந்து குப்பையைக் கிளறுகின்றன, பொலித்தீனைத் தின்றுவிடுகின்றன, அதுகளுக்கு என்ன தெரியும்?

தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்கள் தயவுசெய்து சில்வர் பேணிக்கு மாறுங்கள். கழுவ ஆள் இல்லை என்பார்கள், சரி, கழுவப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு நாலு பேணி என்று சேர்த்து வைத்திருக்கிறோம், மற்ற ஒழுங்கைக்காரர்கள் கேட்டால் இரவல் தருவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருகோணமலை