அஸ்தி கரைக்கும் படகிலும் உயிர்காப்பு அங்கி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த மாதம் காலமான என் தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, பினாங்குத் தீவின் வடகரையில் உள்ள ஒரு படகுத்துறையிலிருந்து நாங்கள் ஒன்பது பேர் ஃபைபர் படகு ஒன்றில் ஏறினோம். காலை எட்டு மணி இருக்கும். என் தங்கையும் சின்னம்மாவும் சேலையில் இருந்தார்கள். நானும் தம்பியும் வேட்டி கட்டியிருந்தோம். தங்கையின் ஆறு வயது மகன் அவள் மடியில் உட்கார்ந்திருந்தான். உயிர்காப்பு அங்கிகள் எங்கே என்று தம்பி கேட்டபோது, படகுக்காரர் முன்பக்கப் பலகையைத் தட்டிக் காட்டி, எல்லாம் அதற்கடியில் இருப்பதாகவும் அதிக தூரம் போகப் போவதில்லை என்றும் சொன்னார். துக்கத்தில் இருந்த எங்களுக்கு அதற்கு மேல் வாதாட மனம் வரவில்லை.

கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் போனதும் இயந்திரம் நிறுத்தப்பட்டது. இயந்திரம் நின்ற படகு முகத்தை அலைக்கு நேராக வைத்திருக்க முடியாது. காற்றும் அலையும் அதைத் திருப்பிப் பக்கவாட்டில் நிறுத்திவிடும். அந்த நிலையில்தான் சிறிய படகு மிக எளிதாக உருளும். அது தெரியாத நாங்கள், தம்பி அஸ்திக் கலயத்தைக் கவிழ்த்தபோது, பூவும் பாலும் விடுவதற்காக எல்லோரும் ஒருசேர எழுந்து அதே பக்கம் சாய்ந்தோம். படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. படகுக்காரர் உட்காரச் சொல்லிக் கத்தினார். சின்னம்மா நிலைதடுமாறிப் படகுக்குள்ளேயே விழுந்தார், முழங்கையில் காயம். அவர் வெளிப்பக்கம் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பு இன்று வரை என்னை விடவில்லை. எங்களில் நீச்சல் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

நனைந்த சேலை கால்களைச் சுற்றிக்கொண்டால், நீச்சல் தெரிந்தவரும் கால்களை அடிக்க முடியாது. படகு கவிழ்ந்துவிட்டால், பலகைக்கடியில் கட்டிக் கிடக்கும் அங்கிகள் படகோடு தலைகீழாகப் போய்விடும். ஒன்று கைக்கு அகப்பட்டாலும், தண்ணீரில் தத்தளிக்கிறவர் அதன் பட்டைகளைத் தேடி மாட்டிக்கொள்வது மிகக் கடினம். ஆகவே படகில் அங்கி இருக்கிறது என்ற பதிலை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. படகுத்துறையிலேயே, ஏறுவதற்கு முன்பே, ஆளுக்கு ஒன்று உடலில் ஏறியிருக்க வேண்டும். எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு அங்கியின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால் அளவு பெரிது என்று பொருள். பெரியவரின் அங்கியை மாட்டிய குழந்தை, தண்ணீரில் விழுந்தவுடன் அதிலிருந்து நழுவிவிடும். குழந்தையின் எடைக்கேற்ற அங்கியும், கால்களுக்கு இடையே போகும் பட்டையும் அவசியம். வெயிலில் வெளுத்துத் தையல் விட்டுப்போன அங்கியைத் தந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.

சடங்கைச் செய்யும் முறையிலும் சிறு மாற்றம் போதும். இயந்திரத்தை முழுவதும் அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டு, படகுக்காரர் முகப்பை அலைக்கு நேராக வைத்திருக்க வேண்டும். அஸ்தியைக் கரைப்பவர் மட்டும், காற்று படாத பக்கத்தில் மண்டியிட்டுக் கரைக்க, மற்றவர்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். பூப் போட விரும்புவோர் ஒருவர் பின் ஒருவராக வரட்டும். யாராவது நீரில் விழுந்துவிட்டால், சுழலும் விசிறி அவரைக் கிழித்துவிடாதபடி இயந்திரத்தை அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில், இரவில் மலாக்கா நீரிணையில் உருவாகும் சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியற்காலையிலும் காலை நேரத்திலும்தான் நம் மேற்குக் கரையைத் தாக்குகிறது. நாம் அஸ்தி கரைக்கப் புறப்படுவதும் அதே நேரத்தில்தான். மேற்கு வானத்தில் கருமேகம் வரிசை கட்டி நின்றாலோ, பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் குறித்து வானிலை இலாகா எச்சரிக்கை விடுத்திருந்தாலோ, சில மணி நேரம் காத்திருப்பதால் இறந்தவருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

கரைக்குப் பக்கம்தானே என்ற எண்ணம்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. 2010 ஜனவரி 17 அன்று, ஜார்ஜ் டவுனை ஒட்டிய கடலில் டிராகன் படகு எனப்படும் நீண்ட துடுப்புப் படகில் நடந்த பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் ஓர் ஆசிரியரும் ஐந்து மாணவர்களும் உயிரிழந்தார்கள். அவர்கள் உடல்வலிமை மிக்க இளைஞர்கள். கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. நம் படகில் இருப்பவர்களோ முதியவர்களும் குழந்தைகளும்.

பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் ஆலய நிர்வாகங்களும், அஸ்தி கரைக்கும் குடும்பங்களுக்கு இரவலாகத் தருவதற்குக் குழந்தைகள் அளவும் சேர்த்து இருபது, முப்பது அங்கிகளை வாங்கி வைக்க முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கருமக்கிரியை நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. துக்க வீட்டில் நீங்கள் எழுதிக் கொடுக்கும் பொருள்களின் பட்டியலைத்தான் நாங்கள் வரி பிசகாமல் வாங்கி வருகிறோம். பால், மஞ்சள், பூ, கலயம் என்று எழுதுகிற அந்தத் தாளில், 'உயிர்காப்பு அங்கி, ஆளுக்கு ஒன்று' என்ற வரியையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு