வரிச்சலுகை மட்டும் கம்பெனியைக் கூட்டி வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி, கீழக்கரை, மண்டபம் பக்கம் ஆலை ஏதும் வரவில்லையே என்ற பேச்சு எழும்போதெல்லாம், "அயர்லாந்து, சிங்கப்பூர் மாதிரி வரியைக் குறைத்தால் தானாக வருவார்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அந்த நாடுகள் செய்ததில் பாதிதான் இது.

அயர்லாந்து 1956-லேயே ஏற்றுமதி லாபத்துக்கு வரிச்சலுகை கொடுத்தது. 1981 முதல் உற்பத்தித் தொழிலுக்கு 10 சதவீதம். 2003 முதல் தொழில் வருமானம் முழுவதற்கும் 12.5 சதவீதம். அதன்பிறகு எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அந்த 12.5-ஐ உயர்த்தத் துணியவில்லை. இருபது வருடக் கணக்குப் போட்டுப் பணம் இறக்குபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். நம் நாட்டிலும் 2019-இல் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம் (அதன்மேல் போடும் சர்சார்ஜ், செஸ் என்ற துணைவரிகள் சேர்த்து 17.16) என்று அறிவித்தார்கள். நல்ல விகிதம்தான். ஆனால் 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தி தொடங்கியவர்களுக்கு மட்டுமே அது. இனி வருபவர்களுக்குக் கிடையாது.

வரியை வெட்டுவதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 75 கோடி யூரோவைத் தாண்டும் பன்னாட்டு நிறுவனக் குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீதம் என்ற உலக ஏற்பாட்டைப் பல நாடுகள் 2024 முதல் சட்டமாக்கிவிட்டன. ஒரு சின்ன நாடு 5 சதவீதம் வாங்கினால், மீதி 10-ஐ வேறொரு நாடு வசூலித்துக்கொள்ளலாம். அதனால் அயர்லாந்து 2024-இலும் சிங்கப்பூர் 2025-இலும் அந்த மீதியைத் தாங்களே வாங்கத் தொடங்கின. ஆனால் சம்பளச் செலவில் 10 சதவீதத்தையும், கட்டடம், இயந்திர மதிப்பில் 8 சதவீதத்தையும் (இவை 2023-ஆம் ஆண்டு விகிதம்; இரண்டும் 2033-க்குள் படிப்படியாக 5 ஆகிவிடும்) லாபத்திலிருந்து கழித்த பிறகுதான் இந்தக் கூடுதல் வரி கணக்கிடப்படும். ஆள் வைத்து, ஆலை போட்டு நடத்துபவருக்கு இது லாபம். பெயர்ப்பலகை மட்டும் மாட்டியவருக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது தொழிலாளர் சட்டம். ஐந்து வருடம் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் என்ன கொடுக்க வேண்டும்? அயர்லாந்தில் வருடத்துக்கு இரண்டு வாரச் சம்பளம், அதன்மேல் ஒரு வாரம்: ஆக 11 வாரம். வாரத்துக்கு 600 யூரோ உச்சவரம்பு என்பதால் 6,600 யூரோவைத் தாண்டாது. கூட்டமாக அனுப்புவதென்றால் 30 நாள் முன்பே அரசுக்குத் தெரிவித்து, தொழிலாளர் பிரதிநிதிகளுடன் பேச வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் நாட்டில் வருடத்துக்கு 15 நாள், ஆக 75 நாள் சம்பளம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! இங்கே கம்பெனிகள் அஞ்சுவது தொகைக்கு அல்ல, 300 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலைகள் அரசின் முன் அனுமதிக்குக் காத்திருப்பதற்கு. (2025 நவம்பர் வரை 100 பேர் என்றே இருந்தது.)

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையைப் பாருங்கள். கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978-இலேயே வந்துவிட்டது, வரிவிடுமுறைக்கும் குறைவில்லை. ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி, ஒரு தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய அந்தத் தொழிலாளியின் எழுத்துப்பூர்வ சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கு 12.5 மாதச் சம்பளம் இழப்பீடு. ஆடைத் தொழில் வந்தது. சிங்கப்பூருக்குப் போன மின்னணு ஆலைகள் அந்த அளவுக்கு வரவில்லை. போரும் பெரிய காரணம், பழியெல்லாம் சட்டத்தின் மேல் போடக் கூடாது. வேலையிழப்புக் காப்பீடு இல்லாத நாட்டில் தொழிலாளிக்கு அந்தச் சட்டம்தான் காப்பீடு.

சிங்கப்பூரில் ஆட்குறைப்பு இழப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவே இல்லை. அங்கே வேலைக்குப் போகும் நம் கரைப் பிள்ளைகள் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து பணம் போடும் மத்திய சேமநிதியும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே.

அயர்லாந்தில் வேலை போனவருக்கு அரசின் உதவித்தொகை உண்டு. இங்கே தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.-யில் 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் திட்டம் இருக்கிறது. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் அது. ஒப்பந்தக்காரர் வழியே, பதிவில்லாமல் இறால் உரிக்கும் பெண்களுக்கு அது எட்டாது. இதைச் சரிசெய்யாமல் ஆட்குறைப்பை மட்டும் எளிதாக்குவதை நாங்கள் ஏற்கவில்லை.

வரி குறைவாக இருந்தாலும் கம்பெனி போகத்தான் செய்யும். 2009-இல் டெல் கணினி நிறுவனம் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் 1,900 வேலைகளைக் குறைத்துவிட்டு உற்பத்தியைப் போலந்துக்குக் கொண்டுபோனது. அங்கே பொது வரிவிகிதம் 19 சதவீதம். ஆனால் கூலி குறைவு, அரசு மானியமும் கிடைத்தது. வேலைகள் நிலைக்காவிட்டால் மானியத்தைத் திரும்பக் கேட்கும் விதியை அயர்லாந்து ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறது. நம் மாவட்டத்தில் எந்த ஆலைக்கு நிலமும் மின்சலுகையும் கொடுத்தாலும், நேரடி நியமனம் எத்தனை, ஈ.எஸ்.ஐ. பதிவு எத்தனை, எத்தனை வருடம், தவறினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வரி மற்றும் தொழிலாளர் சட்ட ஆலோசகர்கள் சிலர்,
ராமநாதபுரம்.